கட்டுப்பாட்டுக்கு விட்ட கொடி

பங்கசைக் கொல்வதையே பதினான்கு வருடம் தொழிலாகச் செய்த ஒருத்தி, முப்பத்தெட்டாவது வயதில் அதற்குச் சோறு அவித்து ஊட்டினாள். இது அவளுடைய கதை. பெயர் ஜெனூபா. ஊர் மருதமுனை.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. நோயாளியின் சளியையும் சிறுநீரையும் தட்டில் தடவி வைத்து, மறுநாள் என்ன கிருமி முளைத்திருக்கிறது என்று பார்ப்பாள். அந்தத் தட்டுக்குள் யாரும் கூப்பிடாமல் வருவது பங்கசு என்கிற பூஞ்சணம். மழைக்காலத்தில் சுவரிலிருந்து வரும். ஏசியின் வாயிலிருந்து வரும். வந்தால் தட்டு அப்படியே கிருமி நீக்கும் பெரிய குக்கருக்குள் போகும்: நூற்று இருபத்தொரு பாகை, பதினைந்து நிமிடம். வீட்டிலும் அதே சட்டம்தான். பாண் ரொட்டியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் முழுப் பாணும் குப்பைக்கு. புள்ளியை வெட்டிவிட்டுத் தின்னலாமே என்று கணவன் ஸஜாத் ஒருமுறை கேட்டார். அவள் அரை மணித்தியாலம் விளக்கினாள். அதன் பிறகு ஸஜாத் பாண் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்.

இவ்வளவு படித்தவள், வளவில் திராட்சைக் கொடி வாடுகிறது என்று வாப்பா சொன்னபோது எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

வாப்பா ஷரிபுதீன் பஸ் டிரைவராக இருந்தவர். சண்டை முடிந்து பாதை திறந்ததும் கல்முனை - யாழ்ப்பாணம் பஸ் ஓட்டினார். பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், சாரதி ஆசனத்துக்குக் கீழே ஈரச் சாக்கில் சுற்றி நாலு திராட்சைத் தடிகள் கொண்டுவந்தார். அந்த இனத்துக்கு ஒரு நாட்டின் பெயர், வெள்ளிக்கிழமைக் குத்பாவில் திட்டு வாங்கும் நாடு. அந்தப் பெயரை மருதமுனையில் வாய்விட்டுச் சொல்லி ஒரு கொடியை வளர்க்க முடியாது. வாப்பா பெயரின் முன்பாதியை வெட்டிவிட்டு “நீலம்” என்று மட்டும் வைத்துக்கொண்டார். கடலிலிருந்து நானூறு மீற்றரில், அள்ளினால் விரலிடுக்கால் ஓடும் மணலில் நாலு தடிகளையும் நட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஜெனூபாவும் சிரித்தாள். மண்ணில் மக்கிய சேதனப் பொருள் இல்லை, உப்புக் காற்று, பிடிக்காது என்று காரணங்களோடு சிரித்தாள். மற்றவர்கள் காரணமில்லாமல் சிரித்தார்கள், அதுதான் வித்தியாசம்.

பிடித்தது. சொறிக்கல்முனையில் மாட்டுப் பட்டி வைத்திருந்த வேலப்போடியிடமிருந்து வாப்பா மூட்டை மூட்டையாகச் சாணம் கொண்டுவந்து போட்டார். கிணற்றடிக் கொடி மற்ற மூன்றையும் விடப் பெருத்து, பந்தலில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டது. வீடு ஜெனூபாவின் பெயரில். இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ஆகவே தான் கட்டிய வீட்டில் வாப்பா மகளின் விருந்தாளி மாதிரி இருந்தார். பந்தலுக்குக் கீழே மட்டும் வீட்டுக்காரர் மாதிரி நடப்பார்.

அவர் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை.

“மகள், பெரிய கொடி சோந்து கிடக்கு. வேர்ல என்னமோ இரிக்கி. மண்ணக் கிளறித் தாறன், ஒன்ட கண்ணாடில ஒருக்கா வெச்சிப் பாரு.”

“தண்ணி காணாது வாப்பா. ஞாயிற்றுக்கிழமை பாப்பம்.”

கைபேசியைப் பார்த்தபடி சொன்ன பதில் அது. வியாழக்கிழமை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனவர், இருந்தபடியே சாய்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வரத்தான் செய்தது. அன்றைக்கு வாடகைக் கதிரைகளை லொறியில் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டியது பந்தலுக்குக் கீழே. வளவில் நிழல் அங்கேதான் இருந்தது. பெரிய கொடியின் அடியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தண்ணீர் இறங்க ஒரு குழி வெட்டினார்கள். சுற்றிவரச் சீலை கட்டினார்கள். ஆணை ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். ஜெனூபா குசினி யன்னலில் நின்றாள். சீலைக்குக் கீழே நாலு பேருடைய கால்கள் தெரிந்தன. இலந்தை இலை போட்ட தண்ணீரும் கற்பூரத் தண்ணீரும் குழிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு குழியை மூடி மட்டப்படுத்திவிட்டு, ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உம்மாவின் பெயர் சித்தி லைலா. அவர் இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது. ஸஜாத் வளவைச் சுற்றி ஆறடித் தகரம் அடித்துக் கொடுத்தார். உம்மா உள்ளே தஸ்பீஹ் மணி உருட்டினார், கிணற்றில் தண்ணீர் அள்ளினார், பந்தலைப் பார்த்தார். இருபத்திரண்டாம் நாள் மகளைக் கூப்பிட்டார்.

“இல மஞ்சளாகுது.”

“தண்ணி கூடிட்டு போல.”

உம்மா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அது ஜெனூபாவுக்கு வசதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வேலப்போடி வந்தார். இத்தா வீடு என்பது அவருக்குத் தெரியும். படலையைத் தட்டாமல் தகரத்துக்கு வெளியே நின்று செருமினார்.

“டிரைவர்ர மகளா நிக்கிற?”

“ஓம், மாமா.”

“காக்கா மவுத்தாகின அண்டைக்கு வந்தன். சனத்துக்குள்ள ஒன்னோட கதைக்கக் கிடைக்கல்ல. கொடி எப்பிடி?”

“நல்லா இரிக்கி.”

“இஞ்ச நிண்டு பாக்க மஞ்சளாத்தான் கிடக்கு.”

தகரம் ஆறடி. பந்தல் ஏழடி. பெண்களை மறைத்த ஸஜாத் கொடியை மறைக்க யோசிக்கவில்லை.

“தண்ணி கூடிட்டு, மாமா.”

“தண்ணி காணாதெண்டெலுவா காக்காக்குச் சொன்ன நீ.”

ஜெனூபா பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணாந்து பாக்காம, அடியக் கிளறிப் பாரு புள்ள,” என்றார் வேலப்போடி. “நான் நிக்கன்.”

அவள் மூலையில் நின்ற சின்னக் கொடியின் அடியைக் கிளறினாள். நாலு விரல் ஆழத்தில், கட்டைவிரல் பருமனில், சுருண்டு படுத்திருந்த ஒரு வெள்ளைப் புழு வந்தது. மனிதச் சளியை அசராமல் கலக்குகிறவள் கைக்கோரியை எறிந்துவிட்டு மூன்றடி பின்னால் பாய்ந்தாள். பிறகு ஆய்வுகூட மரியாதை ஞாபகம் வந்தது. புழுவை ஒரு யோகட் கோப்பையில் எடுத்து, வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி, தகரத்துக்கு மேலால் நீட்டினாள்.

“வண்டின் குடம்பி, மாமா.”

“என்ன பேர் வெச்சாலும் எங்கட எருக்கும்பியில கிடக்கிற சாமான்தான். சாணத்தோட வந்திரிக்கி.”

“அப்ப ஒங்கட மாட்டில பிழை.”

“மாடு என்ன செய்யும். மக்கப் பொறுக்காம அள்ளிக்கொண்டு போனது ஒங்கட வாப்பா.” அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டது தகரத்தின் வழியாகவே தெரிந்தது. “குறுணல் மருந்து போட்டா ஒரு கிழமைல சரி.”

உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஜெனூபாவிடம் மெல்லச் சொன்னார்: “கிணறு எட்டடியில இரிக்கெண்டு சொல்லு.”

“கேட்டுத்து,” என்றார் வேலப்போடி வெளியிலிருந்து. “அப்ப மருந்து வேணாம்.”

அவர் போன பிறகு உம்மா மகளை இருக்கச் சொன்னார். உம்மா நீளமாகக் கதைக்கிறவர் இல்லை. அன்றைக்குக் கதைத்தார்.

“இது ஒங்கட வாப்பா வெட்டின வெட்டு. மவுத்தாக அஞ்சி நாளைக்கு முந்திக் கவாத்து வெட்டினார். பூத்துப் பிஞ்சும் வந்துட்டு. நான் இத்தா முடிச்சிப் படிதாண்டுற நேரம் பழுத்திரிக்கும். அவரக் குளிப்பாட்டின நாலு பேருக்கும் ஆளுக்கொரு குலை என்ட கையால கொண்டு போய்க் குடுக்கணும். அதுமட்டும் கொடி சாகப்படாது. நீ படிச்சவதானே.”

கடைசி வசனத்தில் குத்தல் இருந்ததா என்று ஜெனூபா இரண்டு நாள் ஆராய்ந்தாள். இல்லை என்று முடிவெடுத்தாள். அவளுடைய முடிவுகள் அந்த நாட்களில் எப்படி இருந்தன என்பதற்கு இது ஒரு சான்று.

பல்கலைக்கழக விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த சுஜித்தா, விவசாய ஆய்வு நிலையம் ஒன்றில் வேலை செய்தாள். ஜெனூபா அழைத்தாள்.

“புழுவைக் கொல்லுற பங்கசு ஒண்டு இரிக்கி,” என்றாள் சுஜித்தா. “மண்ணிலயே சீவிக்கிற. நாங்க தென்னை வண்டுக்குப் போடுறம். வித்தி புழுட தோல்ல ஒட்டி முளைச்சி, துளைச்சி உள்ள போகும். ரெண்டு மூணு கிழமைல புழு விறைச்சி, வெள்ளையாகி, மறுகா பச்சையாகும். கிணத்துக்கும் மனிசருக்கும் பயமில்ல.”

“பங்கசு.”

“ஓம்டி. நீ குக்கர்ல போட்டுக் கொல்லுறியே, அவரோட சொந்தக்காரர்தான்.”

“எதுல வளக்கிற?”

“சோத்துல. அரை அவியல் சோறு. பையில போட்டு, கிருமி நீக்கி, ஆற வெச்சி, இதக் கலந்து இருட்டுல வை. ஒனக்கு நான் படிப்பிக்கத் தேவல்ல. வெயில் படப்படாது, பங்கசுக் கொல்லி எதுவும் அந்த வளவுக்க வரப்படாது. அதுல ஒன்னையும் சேத்துத்தான் சொல்லுறன்.”

பங்கசு ஒரு சோதனைக் குழாயில் பஸ் ஏறி வந்தது. ஜெனூபா ஒழுங்காக வேலை செய்தாள். சம்பா அரிசியை ஊறவைத்து, அரை அவியலில் இறக்கி, எட்டுப் பைகளில் கட்டி, பஞ்சால் வாயடைத்து, வீட்டுக் குக்கரில் இரண்டு இரண்டாக வைத்து எடுத்தாள். ஒரு நாள் முழுக்க விசில் அடித்தது. ஆறட்டும் என்று குசினி மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பங்கசைப் பின்னேரம் வந்து கலக்கலாம்.

அவள் எண்ணாமல் விட்ட ஒன்று, மறுநாள் வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதல் என்பது. எண்ணாமல் விட்டது என்பதும் சரியில்லை. எண்ண விரும்பவில்லை. சொந்தக்காரப் பெண்கள் முதல் நாள் காலையிலேயே வந்து குசினியைக் கையில் எடுத்தார்கள். தலைமை றாஹிலா சாச்சி. ஜெனூபா வேலையால் வந்தபோது மேசையில் எட்டு வெறும் பைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“சாச்சி, இதுக்க இருந்த சோறு?”

“அரை அவியலாக் கிடந்த. கவலையில புள்ளைக்குச் சோறாக்கவும் மறந்து போச்செண்டு பாவமாப் போச்சி. வந்து நிக்கிற சனத்துக்குத் தம்முல போட்டு எடுத்துட்டன். நெய்யும் ஏலமும் போட்ட. நல்லா வந்த. நீ ஒண்டுக்கும் யோசியாத.”

அன்று வந்திருந்தவர்கள் சஹன் தட்டைச் சுற்றி இருந்து, நூற்று இருபத்தொரு பாகையில் கிருமி நீக்கிய நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். அவ்வளவு சுத்தமான சோற்றை மருதமுனையில் யாரும் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. ஒருவர் மறுசோறு கேட்டார்.

இரண்டாம் தரம் பைகளை வாப்பாவின் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். வீட்டில் இருட்டும் குளிர்ச்சியும் சேர்ந்திருந்த இடம் அதுதான். வெப்பமானி இருபத்தெட்டுக் காட்டியது. வேறு காரணம் இல்லை என்று ஸஜாத்திடம் சொன்னாள். அவர் காரணம் கேட்டிருக்கவில்லை. ஐந்தாம் நாள் சோறு வெண்பஞ்சாய்ப் பூத்தது. பத்தாம் நாள் பச்சையாயிற்று. உம்மா குனிந்து பார்த்தார்.

“பாசிபுடிச்ச வத்தைத் தோணி மாதிரி இரிக்கி. இதையா காசுகுடுத்துப் படிச்ச?”

“இதக் கொல்லுறதுக்குப் படிச்ச உம்மா. வளக்கிறதுக்கு இல்ல.”

ஒரு பையில் மட்டும் கறுப்பாக வேறெதுவோ வளர்ந்தது. பழக்கத்தில் அதைக் கொல்லக் கொண்டுபோனபோது, ஒன்றைக் காப்பாற்ற ஒன்றைக் கொல்லும் இந்தத் தொழிலில் தான் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் குழம்பினாள்.

பதினான்காம் நாள் வேலப்போடி படலையடியில் ஒரு மூட்டை மக்கிய சாணத்தை இறக்கினார். “சலிச்சிக் கொண்டாந்திரிக்கன். இதுக்க புழு இருந்தா அது என்ட மாட்டிடது இல்ல,” என்று தகரத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். வெயில் தணிந்து அஸர் தொழுத பின் ஜெனூபா சோற்றையும் சாணத்தையும் கலந்தாள். வெள்ளைக் கோட்டு, கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த பெண் ஒருத்தி, திரும்பவும் கொரோனா வந்துவிட்டதா என்று கேட்டாள்.

மூன்று சின்னக் கொடிகளின் அடியிலும் மண்ணைக் கீறி, கலவையைப் போட்டு, மூடி, தண்ணீர் தெளித்து, தென்னோலை பரப்பினாள். பிறகு பெரிய கொடியின் பக்கம் வந்தாள். கலவை வாளியோடு ஐந்தாறு நிமிடம் நின்றாள். குழி இருந்த இடத்தில் மண் ஒரு சாண் பதிந்து, அரைவட்டமாக நிறம் மாறித் தெரிந்தது. அவள் வாளியை வீட்டுக்குள் கொண்டுபோனாள். கொப்பியை எடுத்து எழுதினாள்: “கொடி 1, 2, 3: சிகிச்சை. கொடி 4: கட்டுப்பாடு. சிகிச்சை இல்லை.”

எந்தப் பரிசோதனையிலும் ஒரு பங்கைத் தொடாமல் விடவேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்ததா, தானாகச் சுகமானதா என்று தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். பந்தலில் முக்கால்வாசியைத் தாங்கும் கொடியை, உம்மாவின் நாலு குலையும் தொங்குகிற கொடியை, எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கட்டுப்பாட்டுக்கு விடாது. அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும்.

“வீட்டு வளவில கட்டுப்பாடு விட்ட ஆள இண்டைக்குத்தான் காணுறன்,” என்றாள் சுஜித்தா தொலைபேசியில். “கட்டுரையா எழுதப்போறாய்?”

“முறைப்படி செய்யணுமே.”

“ம்,” என்றாள் சுஜித்தா. விடுதியில் ஒரே அறையில் இருந்தவள் அவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று கிழமையில் பலன் தெரிந்தது. சின்னக் கொடிகளில் புதுத் தளிர் வந்தது. மண்ணைக் கிளறியபோது புழுக்கள் சுருண்டபடியே விறைத்துக் கிடந்தன. சிலது சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, சிலது பச்சைப் பொடி பூசினது மாதிரி. ஜெனூபாவுக்குத் தாங்க முடியாத சந்தோசம். ஒன்றை மூடிய கண்ணாடித் தட்டில் வைத்து, இராச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து ஸஜாத்துக்குக் காட்டினாள். அவர் நன்றாகப் பார்த்தார். பிறகு கறியைப் பார்த்தார். அது இறால்.

பெரிய கொடியில் இலைகள் ஓரம் கருகி விழுந்தன. பட்டாணியளவு வந்த பிஞ்சுகள் சுருங்கத் தொடங்கின. ஜெனூபா ஒவ்வொரு நாளும் விழுந்த இலைகளை எண்ணிக் கொப்பியில் எழுதினாள். மிகத் திருத்தமான எண்ணிக்கை.

வேலப்போடி அடுத்த வெள்ளிக்கிழமை வந்து செருமினார்.

“மூணு பச்சையாக் கிடக்கு. பெரிசு ஏன் இப்பிடி? அதுக்குப் போடல்லியா?”

அவள் தகரத்துக்கு வெளியே நின்ற மனிதருக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்னவென்று பத்து நிமிடம் விளக்கினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“வெளங்குது,” என்றார் கடைசியில். “மூணுக்குப் போட்ட, மூணும் தப்பிட்டு. ஒண்டுக்குப் போடல்ல, அது சாகுது. இன்னும் ஒனக்கு என்னத்த அறியக் கிடக்கு, புள்ள?”

பதில் சொல்ல அவளிடம் ஒரு வசனம் இருந்தது. மாதிரிகளின் எண்ணிக்கை போதாது என்று தொடங்குவது. அதை அவள் கொப்பிக்கென்று வைத்துக்கொண்டாள்.

வேலப்போடியின் சைக்கிள் போன பிறகு, உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நேராகப் பந்தலுக்குக் கீழே நடந்து, அந்த அரைவட்டத்துக்குள் போய் நின்றார்.

“இஞ்ச வா.”

“உம்மா, அதுல மிதிக்கப்படாது.”

“மூணு நாளைக்குச் சனம் மிதியாம இருக்கட்டும் எண்டாங்க. இப்ப எழுவத்தெட்டு நாள். இது மண் மகள். அவர் இஞ்ச இல்ல. அவரை மையவாடிக்குக் கொண்டு போயிட்டாங்க.” உம்மாவின் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. “நீ இதைச் சுத்திச் சுத்தி நடக்கிறத குசினிலிருந்து எத்தின நாளாப் பாக்கன். கொப்பியில என்னமோ எழுதுறாய். எழுதிக்கொண்டே என்ட கொடியச் சாக விடுறாய்.”

ஜெனூபா மண்வெட்டி எடுக்கவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த சின்ன உலோகக் கரண்டியை எடுத்து வந்து, முழங்காலில் இருந்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக மண்ணை ஒதுக்கினாள். அந்த வேகத்தில் போனால் அடுத்த நோன்புக்கும் முடியாது. உம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே போய் மண்வெட்டியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார்.

முதல் வெட்டிலேயே மண் பொலுபொலுவென்று வந்தது. வெட்டி மூடிய மண், ஈரம் நின்ற மண், உள்ளே இலந்தை இலைச் சருகு. வண்டுக்கு முட்டையிட இதைவிட மெத்தை கிடைக்காது. இரண்டாம் வெட்டில் புழுக்கள். உம்மா வாளியைப் பிடித்தார், ஜெனூபா பொறுக்கிப் போட்டாள். நாற்பத்து மூன்று. இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் எங்கேயோ அவள் அழத் தொடங்கினாள். எண்ணிக்கை பிழைக்கவில்லை; அதற்குப் பதினான்கு வருடப் பயிற்சி இருந்தது.

வேரில் தோல் உரிந்திருந்தது. அவள் வேரின் ஒரு துண்டை நறுக்கி, உள்ளே கொண்டுபோய், பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தாள். புதுக் காயங்கள் வெள்ளையாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பழைய காயங்கள் ஓரம் தடித்து ஆறிக் கறுத்திருந்தன. அவை மூன்று மாதத்துக்கும் மேற்பட்டவை. வாப்பா சொன்னது சரி. செவ்வாய்க்கிழமையே வேரில் என்னவோ இருந்தது.

“வாப்பா சொன்னது சரிதான், உம்மா.”

“அவர் சரியாத்தான் சொல்லுவார். நீதான் ஞாயிற்றுக்கிழமை பாக்கலாமெண்ட.”

எழுபத்தெட்டு நாளாக அவள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த இரகசியம், உம்மாவுக்கும் வேலப்போடிக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. பூட்டுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று.

“கோபமா உம்மா?”

“கோவம் எண்டா ஒனக்கு மூணு நேரம் சோறு போடுவனா. அவர் போன காரணம் நெஞ்சு. கொடி இல்ல. நீ பாத்திருந்தாலும் அவர் வியாழக்கிழமை போய்த்தான் இரிப்பார். ஆனா பாத்திரிக்கணும். அதையும் சொல்லத்தான் வேணும்.” உம்மா வாளியை மூடினார். “இப்ப மருந்துச் சோறு மறுகா ஆக்கணுமா? இன்னும் பதினாலு நாள் இது தாங்குமா?”

ஜெனூபா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், மீனுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் இடையில், ஒரு பை பச்சைச் சோறு இருந்தது. சரியாக ஒரு கொடிக்கு வேண்டிய அளவு. பரிசோதனைக்கு விட்ட கொடிக்கு மருந்தை ஏன் எடுத்து வைத்தாள் என்று கொப்பியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

உம்மா பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “படிச்ச புள்ள,” என்றார். இந்தமுறை குத்தல் இருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு கோட்டும் கையுறையும் இல்லாமல், வெறுங்கையால் கலந்து போட்டாள். முகக்கவசத்தை மட்டும் விடவில்லை. அதை அவளால் விட முடியாது. மறுநாள் வேலப்போடி தகரத்துக்கு வெளியே நின்று அடுத்த வேலையைச் சொன்னார். வேர் பாதிதான் இருக்கிறது, பாதி வேர் முழுப் பந்தலுக்கும் சாப்பாடு போடாது. கொடியின் கைகளில் பாதியை வெட்டு, குலைகளையும் குறை. அவளுக்கு வெட்ட மனம் வரவில்லை. வாப்பா விட்ட கிளைகள். “இதையும் கட்டுப்பாட்டுக்கு விடப்போறியா?” என்று கேட்டார் அவர். வெட்டினாள். பதினொரு குலைகள் மிஞ்சின. அதில் நாலைக் கிளி கொத்தியது. இரண்டு வெம்பி விழுந்தன.

நூற்று முப்பதாம் நாள் இத்தா முடிந்தது. மறுநாள் காலையில் உம்மா வெளிர்நிறச் சேலை உடுத்தார். ஐந்து குலையில் நாலை வெட்டி, வாழையிலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாடகை முச்சக்கர வண்டியில் நாலு வீட்டுக்கும் போனார். ஸஜாத் தகரங்களைக் கழற்றத் தொடங்கியதும் வேலப்போடி, மவுத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, உள்ளே வந்தார். பந்தலுக்குக் கீழே போய், அண்ணாந்தபடி, அந்த இடத்திலேயே இரண்டு காலையும் ஊன்றி நின்றார். அது குளிப்பாட்டிய தண்ணீர் இறங்கிய இடம் என்று அவருக்குத் தெரியாது. ஜெனூபா சொல்ல வாயெடுத்தாள், விட்டுவிட்டாள்.

“இதில ஈரம் நல்லா நிக்கிது,” என்றார் அவர், காலால் மண்ணை அமுக்கிப் பார்த்து.

“ஓம், மாமா.”

நண்பகல் லுஹருக்கு முன் உம்மா திரும்பி வந்தார். மூன்று பேர் பழம் தேன் மாதிரி என்றார்களாம். நாலாமவர் ஜவுபர் மட்டும் ஒன்றைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்து, புளிக்கிறது என்றாராம்.

“வேர் பாதிதானே உம்மா. சீனி ஏற நாள் காணாது.”

“வாப்பா இரிக்கக்கொள்ளயும் ஜவுபர் இதத்தான் சொல்லுவார்,” என்றார் உம்மா. “இந்தக் கொடி எப்பவும் புளிப்புத்தான். கடலுக்குப் பக்கத்தில வேற என்ன காய்க்கும். ஒங்கட வாப்பா இனிக்கிதெண்டு சொல்லிச் சொல்லித் தருவார். நாம தின்னுவம்.”

வேலப்போடி சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவருக்கும் தெரிந்திருந்தது.

மிஞ்சிய குலையிலிருந்து ஜெனூபா ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டாள். கண்ணைச் சுருக்கும் புளிப்பு. பத்து வருடத்துக்கும் மேலாக அதை இனிப்பென்று தின்றிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குப் பிழையில்லாமல் சோதனை செய்து கொடுக்கிறவள். இன்னொன்றைப் போட்டாள். பந்தலுக்குக் கீழே நின்றபடியே முழுக் குலையையும் தின்று முடித்தாள். யாருக்கும் கொடுக்கவில்லை.